வீதியைச் சோதிக்கும் பஸ்கள்: கொழும்பில் எழுந்த யோசனையும் அது வேண்டிநிற்கும் கூட்டுறவும்

ஒரே வழித்தடத்தில் தினமும் பஸ்ஸில் போய்வருபவருக்கு அந்த வீதி மனப்பாடமாக இருக்கும். எந்த மதகைத் தாண்டியதும் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டும், எந்தச் சந்தியில் சாரதி வலப்பக்கம் வெட்டி எடுப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சாரதிக்கும் நடத்துநருக்கும் அதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வீதியைத் திருத்த வேண்டிய அலுவலகத்தின் கோப்புக்கு அது தெரியாது. யாராவது கடிதம் எழுத வேண்டும், படம் பிடித்து முகநூலில் போட வேண்டும், அல்லது மழை நாளொன்றில் மோட்டார் சைக்கிளில் வந்தவர் தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் விழ வேண்டும். அதன் பிறகுதான் கோப்பு திறக்கும.

இந்த இடைவெளியை அடைக்க, வீதியில் ஓடும் வாகனத்தையே சாட்சியாக்கலாம் என்ற எண்ணம் உலகின் பல இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தது. அவற்றுள் முந்தியவற்றில் ஒன்று இலங்கையில் எழுந்தது என்பதை இங்கே பலரும் அறியார்கள். 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜப்பானின் கியோட்டோ நகரில், வளர்முக நாடுகளுக்கான வலையமைப்புகள் பற்றிய ஆய்வரங்கு ஒன்று நடந்தது. அதில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் ஆய்வாளர்கள், பொதுப் போக்குவரத்து பஸ்களில் உணரிகளைப் பொருத்தி வீதிகளின் மேற்பரப்பைக் கண்காணிக்கும் முறையொன்றை முன்வைத்தார்கள். அதன் பெயர் பஸ்நெட். வளி மாசடைதலை அளப்பதற்காக யோசிக்கப்பட்டிருந்த அந்த ஏற்பாட்டில், அதிர்வை அளக்கும் ஆர்முடுகல்மானியைச் சேர்த்து வீதியைச் சோதிக்கும் கருவியாக்கினார்கள்.

ஏன் பஸ்? ஒரு பஸ் ஒரே பாதையில் நாளுக்குப் பலமுறை போய்வருகிறது. பின்தங்கிய கிராமத்துக்குள்ளும் போகிறது. கருவிக்கு வேண்டிய மின்சாரம் அதன் பற்றரியிலேயே இருக்கிறது. தனியாக ஒரு சோதனை வாகனமும் அதற்கொரு சாரதியும் எரிபொருளும் தேவையில்லை.

தரவை அனுப்புவதுதான் அன்றைய சிக்கல். கைத்தொலைபேசி வழியாகத் தரவு அனுப்புவது 2007இல் செலவான காரியம். பல ஊர்களில் இயலாத காரியமும்கூட. கொழும்பு ஆய்வாளர்கள் அதற்குக் கண்ட வழி இந்த நாட்டுக்கே உரியது. பஸ் தான் அளந்ததைத் தன்னிடமே சேர்த்து வைத்திருக்கும். நிலையத்துக்கு வந்ததும் குறுந்தூர வானொலி அலை மூலம் அங்குள்ள கருவியிடம் கொடுத்துவிடும். சிறிய நிலையத்தில் சேர்ந்ததை, பிரதான நிலையத்துக்குப் போகும் வேறொரு பஸ் எடுத்துச் செல்லும். பஸ்ஸே உணரி, பஸ்ஸே தபாற்காரர். வீதியில் ஒரு பள்ளம் விழுந்த செய்தி சில மணி நேரம் பிந்திக் கிடைத்தால் எதுவும் குடிமுழுகிப் போய்விடாது என்ற எளிய உண்மையின்மேல் கட்டப்பட்ட திட்டம் இது. அது நாடளாவிய சேவையாக வளரவில்லை. ஏன் இத்தகைய யோசனைகள் சில இடங்களில் வளர்கின்றன, சில இடங்களில் ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

அதிர்வு எப்படிப் பள்ளமாகிறது

கருவியின் வேலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. இன்று பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் இருக்கும் ஆர்முடுகல்மானி, மேல்-கீழ், முன்-பின், பக்கவாட்டு என மூன்று திசைகளிலும் ஏற்படும் உதறலை செக்கனுக்குப் பல தடவை அளக்கிறது. ஜி.பி.எஸ். இடத்தையும் வேகத்தையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் எங்கே, எவ்வளவு குலுங்கியது என்ற பதிவு கிடைக்கும்.

ஆனால் குலுங்குவதெல்லாம் பள்ளமல்ல. ரயில் கடவையிலும் வாகனம் குலுங்கும். வேகத்தடையிலும், பாலத்தின் இணைப்பிலும், சாக்கடை மூடியிலும் குலுங்கும். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலும் கருவிக்கு அது ஓர் அதிர்வுதான். 2008இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பொஸ்டன் நகரில் ஏழு டாக்சிகளில் இத்தகைய கருவிகளைப் பொருத்தி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்குத் தரவு சேர்த்தார்கள். அவர்களுடைய வேலையின் பெரும்பகுதி பள்ளத்தைக் கண்டுபிடிப்பதில் அல்ல, பள்ளமல்லாதவற்றைக் கழித்துவிடுவதில் கழிந்தது.

அவர்கள் பயன்படுத்திய ஒரு குறிப்பு அழகானது. ரயில் கடவையும் வேகத்தடையும் வீதியின் குறுக்கே முழு அகலத்துக்கும் கிடக்கின்றன. இடது சில்லும் வலது சில்லும் ஒன்றாகவே ஏறி இறங்கும். பள்ளம் அப்படியல்ல, பெரும்பாலும் ஒரு பக்கச் சில்லு மட்டுமே அதில் விழும். அப்போது வாகனம் மேலும் கீழும் குதிப்பதோடு பக்கவாட்டிலும் ஆடும். அந்தப் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் பள்ளத்தையும் கடவையையும் பெருமளவு பிரித்துவிடலாம். அத்துடன், ஒரே இடத்தில் பல வாகனங்கள் குலுங்கினால்தான் அதைக் கணக்கில் எடுத்தார்கள். இவ்வாறு வடிகட்டிய பிறகு, கருவி சுட்டிய இடங்களை நேரில் போய்ப் பார்த்தபோது 90 வீதத்துக்கும் மேலானவற்றில் திருத்த வேண்டிய குறைபாடு இருந்தது.

அதே ஆண்டில் பெங்களூரில் மைக்ரோசொப்ட் ஆய்வுக்கூடத்தினர், தனிக் கருவியே வேண்டாம், கைத்தொலைபேசி போதும் என்று காட்ட முயன்றார்கள். நெரிசெல் எனப்பட்ட அவர்களுடைய முறை பள்ளத்தோடு பிரேக் பிடிப்பதையும் ஹோர்ன் சத்தத்தையும்கூடப் பதிவுசெய்தது. தென்னாசிய வீதியைப் பற்றி ஹோர்னை விட்டுவிட்டு ஆய்வு செய்ய முடியாதுதான். சட்டைப் பையில் தலைகீழாகக் கிடக்கும் தொலைபேசிக்கு எது மேல், எது கீழ் என்பதைக் கணித்துச் சொல்வது அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களில் ஒன்று.

இங்குள்ளவர்கள் உடனே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: நம்முடைய சாரதிகள் பள்ளத்தில் விழாமல் சுற்றிக்கொண்டு போவார்களே, அப்போது கருவி எதைப் பதியும்? உண்மைதான். தெரிந்த பள்ளத்தைத் தெரிந்த சாரதி தவிர்ப்பார். மோட்டார் சைக்கிள்காரர் இன்னும் இலகுவாகத் தவிர்ப்பார். அகன்ற, பாரமான, இறுகிய வில்தகடுகள் கொண்ட பஸ்ஸால் எல்லாவற்றையும் தவிர்க்க முடியாது என்பது இந்த வேலைக்கு அதன் தகுதி. அதேவேளை, தேய்ந்த வில்தகடுடன் ஓடும் பழைய பஸ்ஸும் புதிய பஸ்ஸும் ஒரே பள்ளத்தை ஒரே அளவில் உணராது. ஒவ்வொரு வண்டியையும் தெரிந்த வீதியில் ஓட்டிப் பார்த்து அளவு சரிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த அளவு சரிசெய்யும் பிரச்சினை புதிதல்ல. ஒரு நாட்டின் கருவி சொன்ன கரடுமுரடு மற்றொரு நாட்டின் கருவிக்குப் பொருந்தாமல் இருந்ததால், 1982இல் உலக வங்கியின் ஆதரவில் பல நாட்டு ஆய்வாளர்கள் பிரேசில் தலைநகர் பிரசிலியாவில் கூடி, ஒரே வீதிகளில் தங்கள் தங்கள் கருவிகளை ஓட்டி ஒப்பிட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சர்வதேசக் கரடுமுரட்டுச் சுட்டெண். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு கற்பனைக் காரின் ஒற்றைச் சில்லு, ஒரு கிலோமீற்றருக்குள் மொத்தம் எத்தனை மீற்றர் ஏறி இறங்குகிறது என்பதே அதன் அடிப்படை. இலங்கை உட்பட உலகெங்கும் வீதித் திட்டங்களுக்குக் கடன் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் பேசும் மொழி இன்றும் இதுதான். லேசர் பொருத்திய வாகனங்கள் அதைத் துல்லியமாக அளக்கும். ஆனால் அவற்றின் விலையும் கூலியும் அதிகம். ஒரு வீதிக்கு அவை எப்போதாவதுதான் வரும். ஒரு மாரி காலத்துக்குள் நல்ல வீதி நாசமாகிவிடக்கூடிய நாட்டில், எப்போதாவது எடுக்கும் துல்லியமான அளவைவிட நாள்தோறும் எடுக்கும் சுமாரான அளவு பயன் கூடியது என்பது எம் எண்ணம்.

தரவைக் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்

கருவி ஓரளவு தீர்ந்த விஷயம். கடினமானது, வாகனம் வைத்திருப்பவரும் வீதி வைத்திருப்பவரும் ஒரே மேசைக்கு வருவது. இதில் நல்ல உதாரணம் சுவீடனும் நோர்வேயும்.

அங்கே பள்ளத்தைவிடப் பனி வழுக்கலே உயிர் குடிக்கும் ஆபத்து. வீதியோரங்களில் வானிலைக் கம்பங்கள் உண்டு. ஆனால் இரண்டு கம்பங்களுக்கு இடையிலுள்ள வளைவில் பனி உறைந்திருக்கிறதா என்பதை அவை சொல்லா. வொல்வோ கார் நிறுவனமும் சுவீடனின் போக்குவரத்து நிர்வாகமும் நோர்வேயின் பொது வீதி நிர்வாகமும் சேர்ந்து, 2014இல் 50 கார்களுடன் ஒரு பரீட்சார்த்தத்தை நடத்தின. காரில் ஏற்கெனவே இருக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்கான சில்லு வேக உணரிகள், சில்லு எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் தகவல் மையக் கணினிக்குப் போய், பின்னால் வரும் கார்களுக்கு எச்சரிக்கையாகவும், உப்புத் தூவும் பராமரிப்பு அலுவலகத்துக்கு வேலைக் கட்டளையாகவும் பிரிந்தது. அடுத்த ஆண்டு 1,000 கார்கள். 2016இல் இரு நாடுகளிலும் வாங்குவோருக்கான வசதியாக வந்தது. 2019இல் ஐரோப்பாவின் ஏனைய நாடுகளுக்கும் விரிந்தது.

சுவீடனின் லின்சோப்பிங் நகரிலுள்ள நீரா டைனமிக்ஸ் என்ற நிறுவனத்தின் வேலையும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. ரயரில் காற்றுக் குறைந்திருப்பதை, ரயருக்குள் உணரி வைக்காமல், சில்லு சுழலும் வேகத்தின் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் மென்பொருள் அவர்களுடையது. அதே சமிக்ஞையிலிருந்து வீதியின் வழுக்கலையும் கரடுமுரட்டையும் பிரித்தெடுக்கலாம் என்று கண்டு, அதைக் கார் நிறுவனங்களுக்கும் வீதி நிர்வாகங்களுக்கும் வழங்குகிறார்கள். புதிதாக எதையும் பொருத்த வேண்டியதில்லை.

ஒரு நிறுவனத்தின் கார்கள் மட்டும் பேசிக்கொண்டால் வீதியின் ஒரு பகுதிதான் தெரியும். போட்டியாளர்கள் தரவைப் பகிர வேண்டும், அங்கேதான் தயக்கம். ஐரோப்பாவில் 2017இல் அமைச்சர்களும் கார் நிறுவனங்களும் ஆம்ஸ்டர்டாமில் பேசத் தொடங்கி, 2019இல் ஓராண்டுப் பரீட்சார்த்தம் நடத்தி, 2020இல் பல தரப்பு உடன்படிக்கையொன்றுக்கு வந்தார்கள். அதன் உள்ளடக்கம் எளிமையானது: வீதிப் பாதுகாப்புக்கு மட்டும் பயன்படுத்துவதென்றால் தரவைக் காசுக்கு விற்காமல் கொடுப்பது; பெற்றவர் அதைக் கொண்டு ஆக்கிய எச்சரிக்கையைத் திருப்பிக் கொடுப்பது. பொறியியலாளர்கள் சில மாதங்களில் செய்து காட்டியதற்கு, கையெழுத்து வாங்க ஆண்டுகள் பிடித்தன.

கூட்டுறவில் இன்னொரு தரப்பும் உண்டு, பொதுமக்கள். பொஸ்டன் மாநகரசபை 2012இல் ஸ்ட்ரீட் பம்ப் என்ற செயலியை வெளியிட்டது. தொலைபேசியைக் காரில் வைத்துவிட்டு ஓட்டினால் போதும். குலுங்கிய இடம் தானாகவே மாநகரசபைக்குப் போய்விடும். அதற்கான கணிப்பு முறையைப் போட்டி வைத்துப் பொதுவெளியிலிருந்தே பெற்றார்கள். இதில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. முதலாவது, வீதியைக் கெடுத்தவற்றில் பெரும்பங்கு பள்ளங்களல்ல, வீதி மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன சாக்கடை, எரிவாயு, நீர்க்குழாய் மூடிகள். அவற்றைச் சரிசெய்ய வேண்டியவை மாநகரசபையோடு அந்தந்தச் சேவை நிறுவனங்களும்தான்.

இரண்டாவது பாரதூரமானது. நல்ல தொலைபேசியும் காரும் வைத்திருப்பவர் ஓடும் வீதிகளில்தான் பள்ளங்கள் பதிவாகும். வறியவர்களும் முதியவர்களும் வாழும் பகுதி வரைபடத்தில் வழவழப்பாகத் தெரியும். அங்கே வீதி நல்லதாக இருப்பதால் அல்ல, அங்கிருந்து தரவு வராததால். தரவு இல்லாத இடத்துக்கு நிதியும் போகாது. இந்த ஆபத்தை நகர நிர்வாகம் முன்கூட்டியே உணர்ந்து, நகரம் முழுவதும் சுற்றும் தன் சொந்த ஊழியர்களிடம் செயலியை முதலில் கொடுத்தது. கொழும்பு ஆய்வாளர்கள் தொலைபேசிக்குப் பதிலாகப் பொதுப் போக்குவரத்து பஸ்ஸைத் தேர்ந்ததில் இருந்த நியாயம் இங்கே இன்னும் தெளிவாகிறது. கார் போகாத ஊருக்கும் ஒரு பஸ்ஸாவது போகும்.

கெமராவும் அதன் வரம்பும்

அதிர்வை அளப்பதில் ஒரு பெருங்குறை, வீதி கெட்ட பிறகுதான் அது சொல்லும். தார் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு விழுந்து, அதனூடாக மழைநீர் இறங்கி, அடித்தளம் இளகி, அதன்மேல் பாரமான லொறி ஏறும்போதுதான் பள்ளம் உருவாகிறது. வெடிப்பிலேயே அடைத்துவிட்டால் செலவு சொற்பம். அந்த வெடிப்பைப் பார்ப்பதற்குக் கண் வேண்டும்.

ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு உள்ளூராட்சி அமைப்புகளின் ஒத்துழைப்போடு, காரின் முன்கண்ணாடியருகே தொலைபேசியை வைத்து எடுத்த 9,053 படங்களில் வெடிப்புகளையும் பள்ளங்களையும் குறித்து, 2018இல் யாவருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். அதைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஜப்பானிய வீதிகளில் மட்டும் பயின்ற கணினி இந்திய வீதியில் தடுமாறியது. வீதியோர மண், நிழல், தாரின் நிறம், ஒட்டுப்போட்ட விதம் எல்லாமே வேறு. எனவே இந்தியாவும் செக் குடியரசும் சேர்ந்தன. பின்னர் நோர்வே, அமெரிக்கா, சீனா. 2022 பதிப்பில் ஆறு நாடுகளின் 47,420 படங்கள் இருந்தன. இலங்கை அந்த ஆறில் இல்லை. நம்முடைய பிரதேச சபை வீதியின் கிரவலையும், ஒட்டுப்போட்ட தாரையும், ஓரம் அரித்துப்போன காபட்டையும் கணினி அறிய வேண்டுமானால் நாமே படம் எடுத்து, நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு தவணைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

மாரியில் தண்ணீர் நிறைந்த பள்ளம் கெமராவுக்கு வெறும் தண்ணீராகத்தான் தெரியும். அப்போது பஸ்ஸின் உதறல்தான் உண்மை சொல்லும். ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று மாற்றல்ல.

இங்கே யாரிடம் சொல்வது?

இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. இவை சுமார் 12,000 கிலோமீற்றர். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களங்களுக்கு உரியவை. மிகுதி, மாநகர, நகர, பிரதேச சபைகளின் தலையில். கிராமத்திலிருந்து புறப்படும் ஒரு பஸ் பிரதேச சபை வீதியில் தொடங்கி, மாகாண வீதியில் ஏறி, ஏ9 வீதியில் முடிவது சாதாரணம். பயணிக்கு அது ஒரே பயணம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் மூன்று நிர்வாகங்களைக் கடந்துவிடுகிறார். முறைப்பாடு கொண்டுபோனால் "இது எங்கட வீதி இல்லை" என்ற பதில் கிடைப்பதற்கும் காரணம் இதுதான். கருவி தரும் பதிவு தானாகவே உரிய அலுவலகத்துக்குப் போகவேண்டுமானால், எந்த வீதியின் எந்த மீற்றர் யாருக்குரியது என்ற ஒரு பொதுவான டிஜிட்டல் வரைபடம் முதலில் வேண்டும்.

பஸ்களின் பக்கத்திலும் இரு தரப்பு: இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியார் உரிமையாளர்களும். தனியார் உரிமையாளருக்கு இதில் என்ன இலாபம் என்பதை வெளிப்படையாகப் பேச வேண்டும். ரயரும் வில்தகடும் மாற்றும் செலவு அவருடையது. எந்தப் பகுதி தன் வண்டியைத் தின்கிறது என்ற பதிவு அவருக்கும் பயன்படும். ஆனால் அதே ஜி.பி.எஸ். அவர் எங்கே வேகமாக ஓடினார், எங்கே பயணிகளை ஏற்ற நேரம் கடத்தினார் என்பதையும் சொல்லும். தண்டனைக்கான சாட்சியாக அது மாறுமென்று தெரிந்தால் கருவி முதல் வாரத்திலேயே "பழுதாகி"விடும்.

தனிநபர் தொலைபேசி என்றால் கேள்வி இன்னும் கூர்மையானது. யார், எப்போது, எங்கே போனார் என்ற பதிவு, வடக்கு கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு வெறும் தொழில்நுட்ப விவரமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதற்கு அப்பால், பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு, குலுங்கிய புள்ளியை மட்டும், ஆள் அடையாளமின்றி அனுப்பும் விதத்தில் செயலியை ஆக்குவது சாத்தியமே. அது பிறகு சேர்க்கும் சலுகையாக இல்லாமல் முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

இந்தப் பதிவுகளை விரும்பாத தரப்பும் இருக்கும். புதிதாகக் காபட் போட்ட வீதிக்கு ஒப்பந்தகாரர் குறித்த காலம்வரை பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் வீதி குலுங்கத் தொடங்கிய திகதியை, பக்கம் சாராத பத்து பஸ்கள் நாள்தோறும் பதிந்து வைத்திருந்தால், பிறகு "பாரமான லொறி ஓடியது, மழை கூடப் பெய்தது" என்று சொல்லித் தப்புவது கடினம். எனவே தரவு ஒரு திணைக்களத்தின் கணினிக்குள் பூட்டப்படுமா, ஊர்ச் சங்கமும் செய்தியாளரும் பார்க்கும்படி திறந்திருக்குமா என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு டிப்போ, அதிலிருந்து ஓடும் பத்து பஸ்கள், சட்டகத்தோடு இறுகப் பொருத்திய பழைய தொலைபேசிகள், அளவு சரிசெய்து தரவைப் பிரிக்க ஒரு பல்கலைக்கழகத் துறை, கிடைப்பதைப் பெற்றுத் திருத்த ஒப்புக்கொள்ளும் ஒரு பிரதேச சபையும் ஒரு மாகாணப் பொறியியலாளர் அலுவலகமும். ஒக்டோபரில் பொருத்தினால், வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே வீதிகள் எப்படி இருந்தன என்ற பதிவு மார்ச் மாதம் கைக்கு வந்துவிடும்.